யானையின் முன்னங்கால்

பர்மாவின் க்யிம்யிண்டைங் படகுத்துறை மைதானத்தில் பழைய மகுடப்போர் நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. தோற்கும் அரசனின் மூங்கில் யானைக்குள்ளிருந்து வேர்வை சொட்ட வெளியே வருகிறார் கோ முத்து (கோ என்றால் பர்மியத்தில் அண்ணன்). துறையில் மூட்டை தூக்குபவர். இங்கே யானையின் முன்னங்கால்கள். ஒலிபெருக்கி அரசர்கள், வீரர்கள், மேளக்காரர்கள் என்று எல்லார் பெயரையும் வாசிக்கிறது. இவர் பெயர் இல்லை.

"உங்க பேரு ஏன் வரல?" வேடிக்கை பார்க்க வந்த நான் கேட்கிறேன்.

"யானைக்காலுக்கு எதுக்குப் பேருங்கிறாங்கண்ணே. பன்னெண்டு வருசமா இப்படித்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தோற்கிறவனுக்குக்கூடப் பெயர் உண்டாம், அவனைச் சுமக்கிறவனுக்குக் கிடையாதாம்!

"போய்க் கேளுங்க!" என்று கத்திவிடுகிறேன்.

"கேட்டாச்சு." லுங்கியை இறுக்கிக் கட்டுகிறார். "என் யானை முட்டி போட்டாத்தான் ஜெயிக்கிற ராசா எங்க ராசா கிரீடத்தை எடுக்க முடியும். சாயந்தரம் நாடகத்துல நான் முட்டி போடப்போறதில்ல. வந்து பாருங்க."