எந்த ஆயில் ஊத்தட்டும்?

மெக்கானிக் தொழிலில் நட்டைக் கழற்றுவது சுலபம். கழற்றுவதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுமே, அதுதான் கஷ்டம். "மினரல் ஊத்தட்டுமா, சிந்தெடிக் ஊத்தட்டுமா?" என்று கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை ரோட்டில் உள்ள என் ஷெட்டில் பதினெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கார் வைத்திருக்கும் நீங்களும் இந்தக் கேள்விக்கு முன்னால் ஒருமுறையாவது திருதிருவென்று முழித்திருப்பீர்கள். கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்து எடுப்பது மினரல். விலை குறைவு, சீக்கிரம் மாற்ற வேண்டும். ஆலையில் பக்குவமாகத் தயாரிப்பது சிந்தெடிக். விலை அதிகம், அதிக தூரம் தாங்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் ஆயிலை மட்டும் மனதில் வைத்துச் சொல்வதில்லை.

மகள் வாங்கிய டப்பா

சாமுவேல் அண்ணன் ஆரம்பாக்கத்துக்காரர். ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களை ஒரு பழைய காரில் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவார். இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. ஆரம்பத்திலிருந்தே மினரல்தான். ஒருநாள் கையில் பளபளவென்று ஒரு சிந்தெடிக் டப்பாவோடு வந்தார். அவர் மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவின் வண்டிக்கு என்று அவளே கடைக்குப் போய், இருப்பதில் நல்லது எது என்று கேட்டு வாங்கி வந்ததாம்.

"அண்ணே, இவ்ளோ பழைய எஞ்சினுக்கு இது வேணாம். உள்ள இருக்கிற அழுக்குதான் தேஞ்சுபோன ரப்பர் சீல் இடுக்கை அடைச்சுக்கினு இருக்கும். இது அழுக்கைக் கழுவிட்டா ஒழுக ஆரம்பிக்கும்" என்றேன். எல்லாப் பழைய வண்டிக்கும் அப்படி ஆகாது, இந்த வண்டியை எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. ஊற்றினேன். மூன்றாம் வாரம் திரும்பி வந்தார். வண்டி நின்ற இடத்தில் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். நான் மினரல் டப்பாவை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சீல் எல்லாத்தையும் மாத்திடுப்பா. ஆயில மட்டும் மாத்தாத. எப்டி ஓடுதுன்னு பாப்பா தெனம் கேக்குது."

திரும்பி வந்த டப்பா

தடா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் சொந்தமாக ஆயில் வாங்கி வந்தார். "ஒரிஜினல் சிந்தெடிக் நைனா, கொறஞ்ச டப்புக்குக் கெடச்சது" என்றார். மூடியைத் திறந்ததும் தீய்ந்த வாடை. யாரோ கழித்துப்போட்ட ஆயிலை வடிகட்டி நிரப்பியிருக்கிறார்கள். அதை ஊற்றிக்கொண்டு அவர் பேரப்பிள்ளைகளோடு திருப்பதிக்கு மலையேறுவதாக இருந்தார். ஏமாற்றியவனை நான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் டேவிட் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் பெயிண்டால் போட்டிருந்த சின்னப் புள்ளியைத் தடவிப் பார்த்தான். ஷெட்டுக்கு வரும் டப்பாவுக்கெல்லாம் அடையாளத்துக்காக நாங்கள் வைக்கும் புள்ளி அது. காலி டப்பாக்களை அப்படியே மூட்டையாகக் கட்டிப் பழைய சாமான்காரரிடம் போட்டுவந்தது நான்தான். இன்று ஒவ்வொரு டப்பாவையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கிழித்துவிட்டுத்தான் வெளியே போடுகிறேன். அன்று டேவிட் சொன்னது இதுதான்.

"திட்டாத அண்ணே. இது நம்ம டப்பா."

கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். பழவேற்காட்டில் வலைக்கடை வைத்திருக்கும் நூருல்லா பாய், வாரம் மூன்று நாள் தன் அண்ணனை டயாலிசிஸுக்குச் சென்னைக்கு அழைத்துப் போவார். டீசல் கார். வழக்கமாகச் சிந்தெடிக் ஊற்றுகிறவர், ஒருமுறை செலவு நெருக்குகிறது என்று மினரல் போதும் என்றார். ஊற்றினேன். அடுத்த சர்வீஸ் எப்போது என்று கண்ணாடி ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டுவோம் இல்லையா, அதில் ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்து என்று எழுதியிருக்க வேண்டும். கைப்பழக்கத்தில், எப்போதும்போல் பத்தாயிரம் கழித்து என்று எழுதிவிட்டேன்.

பாய் சீட்டுப்படி நடக்கிற மனுஷன். ஒரு காலை பொன்னேரி தாண்டியதும் எஞ்சின் ஜாம் ஆகி வண்டி நடுரோட்டில் நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அண்ணனைத் தூக்கி, எதிர்ப்பட்ட, மீனுக்கு ஐஸ் ஏற்றும் வண்டியின் முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோயிருக்கிறார். நேரம் தவறியதில் அண்ணனை நாலு நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். உயிர் பிழைத்தார்.

எஞ்சினைத் திறந்தேன். ஆயில் தார் மாதிரி கிடந்தது. சீட்டில் இருந்தது என் கையெழுத்து. பழைய வண்டி, தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். ஒருநாள் முழுக்க அப்படிச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். மறுநாள் பழவேற்காட்டுக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்று உள்ளதைச் சொன்னேன். "இப்ப உன் மூஞ்சப் பாக்க முடியல, போய்டு" என்று கதவைச் சாத்தினார். சாத்தாமல் என்ன செய்வார்?

வேறு வேலை தொடாமல், பதினோரு நாளில் எஞ்சினை என் செலவில் கட்டி முடித்தேன். பாய் வந்தார். சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பி, காதைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். கியர் போட்டவர், கண்ணாடியை இறக்கினார்.

"சீட்டுல சரியா எழுதிட்டியான்னு அண்ணன் கேக்கச் சொன்னாரு."

ஓடாத வண்டி

கவரைப்பேட்டை கலைச்செல்வி போன் செய்து வீட்டுக்கே வரச் சொன்னார். அவர் கணவர் இரும்பு உருக்காலையில் பிட்டராக இருந்தவர். நெஞ்சுவலியில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கார் அன்று நிறுத்திய இடத்திலேயே உறைக்குள் நின்றது. விற்கவும் மனமில்லை, ஓட்டவும் தெரியாது. "அவரு சிந்தெடிக்தான் ஊத்துவாரு. அதயே ஊத்துங்க" என்றார்.

பழைய ஆயிலை வடித்தபோது பக்கத்திலேயே நின்றார். தட்டில் இறங்கியது பார்ப்பதற்குத் தேன் நிறத்தில்தான் இருந்தது. "நல்லாத்தானே இருக்குது, எதுக்கு எடுக்கறீங்க? அவரு கையால ஊத்துனது" என்று கேட்டார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருஷம் ஒன்றானால் மாற்ற வேண்டும், நிற்கிற வண்டியில் ஈரம் சேரும், எவ்வளவு ஒசத்தியான ஆயிலும் கெட்டுப்போகும் என்று விளக்கினேன். அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புது ஆயிலை ஊற்றி மூடியை இறுக்கினேன். நான் கிளம்பும்போது கேட்டார்.

"நிக்க வெச்சாலும் கெட்டுத்தான் போவும்னா, நிக்க வெச்சு இன்னா பண்றது? டிரைவிங் ஸ்கூல் எதுனா தெரிஞ்சா சொல்லுங்க."

இன்றும் யாராவது வந்து எந்த ஆயில் நல்லது என்று கேட்டால், வண்டியோடு தந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது என்று பதில் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்த ஒருவரைக்கூட இதுவரை சந்தித்ததில்லை.