சிவப்புக் கொக்கி

எங்கள் வீடு ஆரணியிலிருந்து சேவூர் போகும் வழியில் இருக்கிறது. மாடியில் ஷீட் போட்ட கொட்டகையில் சாயங்காலம் பதினோரு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாம் மூன்றாவதும் நான்காவதும். நான் படித்தது தமிழில், பன்னிரண்டாவது வரை. இங்கிலீஷ் பாடத்தை முதல்நாள் போனில் பார்த்து நான் கற்றுக்கொண்டு மறுநாள் அவர்களுக்குச் சொல்வேன். பிள்ளைகளிடம் வருகிற பேச்சு பெரியவர்களிடம் எனக்கு வராது. இறங்கும் இடம் வந்தும் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன்.

இங்கிலீஷில் யாருடையது என்று சொல்கிற பாடம் வந்தபோது பிள்ளைகள் ரொம்பத் திணறினார்கள். பெயர் எழுதி, பிறகு மேலே ஒரு சின்னக் கொக்கி போட்டு, எஸ் எழுத வேண்டும். சிலர் கொக்கியை மறந்தார்கள். சிலர் நம் எழுத்துக்குப் புள்ளி வைப்பதுபோல எஸ்ஸின் தலைக்கு மேல் வைத்தார்கள். எழுத்தை நீலத்திலும் கொக்கியை மட்டும் சிவப்பு ஸ்கெட்சிலும் போடச் சொன்னேன். அது பலித்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆளுக்கு ஐந்து சீட்டு எழுதி வீட்டில் அவரவர் சாமான்மேல் ஒட்டிவிட்டு வாருங்கள் என்றேன். பசை இல்லையென்றால் சோற்றுப் பருக்கை போதும் என்றும் நான்தான் சொன்னேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு பையன் தாத்தாவின் பல்செட் கிடந்த டம்ளரில் ஒட்டியிருந்தான். இன்னொருத்தி தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் தொப்பையில் ஒட்டி அடி வாங்கியிருந்தாள். பின்வரிசையில் உட்காரும் ஒரு பெண் மட்டும், நாலு ஒட்டிவிட்டேன், ஐந்தாவதை இன்றைக்கு ஒட்டுவேன் என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை அவள் அம்மா வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் பட்டு நெய்கிறவள். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்ப்பதால் தறி முழுக்க அவள் கையில். கொஞ்சம் வாங்கக்கா என்று கூப்பிட்டுப் போனாள்.

தறியில் சந்தன நிறப் புடவை, இன்னும் அரை முழம் நெய்தால் முடிந்துவிடும். நெய்த பட்டின்மேல் போர்த்தியிருந்த துணியைத் தூக்கிவிட்டுப் பெண் சீட்டை ஒட்டியிருக்கிறாள். அம்மாவின் புடவை என்று எழுதியிருக்கிறாள். பருக்கையின் ஈரத்தில் நீலம் அவ்வளவாக இறங்கவில்லை. சிவப்பு இறங்கிவிட்டது. சீட்டை எடுத்த இடத்தில் மிளகளவு ஒரு கொக்கி, வாலோடு.

"ஸ்கெட்சு இல்லக்கா? இதுக்கு இன்னா போட்டா போவும்?" என்றாள். ஈரத்துணியால் அவள் ஏற்கெனவே தொட்டுப் பார்த்ததில் வால் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

நூல், ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பது. புடவையும் அவருடையது. கறை என்றால் அவர் அடுத்த பாவு தரமாட்டார் என்றாள். பாவு என்பது தறியில் ஏற்றுகிற நீள நூல். அது இல்லாமல் தறி சும்மா நிற்கும். எண்ணெய்க் கறைக்காகப் பக்கத்து வீட்டுத் தறி தீபாவளி வரைக்கும் சும்மா கிடந்ததை நானும் பார்த்திருக்கிறேன். குங்குமம் கொட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன், பெண் பேரை இழுக்க வேண்டாம் என்றாள். துணைக்கு வருகிறேன் என்று என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியவில்லை.

மீதியையும் அவள் நெய்து முடித்ததும், செவ்வாய்க்கிழமை புடவையை எடுத்துக்கொண்டு போனோம். முதலாளி வெள்ளை விரிப்பில் புடவையைப் பிரித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். கை கடைசி முழத்தில் நின்றது. குங்குமம் என்றாள் இவள்.

"குங்குமம் இப்படி வால் வுட்டுகினு நிக்காதும்மா."

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சீட்டு எழுதி வீட்டுல ஒட்டச் சொன்னது நாந்தாங்க. பொண்ணு மேல தப்பு இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "டீச்சரா?"

"டியூஷன் எடுக்கறேங்க."

"ஒட்டச் சொன்னீங்க, சரி. எதுமேல ஒட்டக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"சொல்லலீங்க."

பிறந்ததிலிருந்து ஆரணியில் இருக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தறி இருக்கிறது. அது எனக்குத் தோன்றவே இல்லை.

என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புடவையின் கடைசி முழத்தை இடுப்பில் சொருகுவதுபோல மடித்துப் பார்த்தார். இன்னொரு முறை மடித்தார்.

"உள்ள போற எடம். கட்டினா தெரியாது. ஆனா வாங்கறவங்ககிட்ட காட்டாம குடுக்கமாட்டேன்" என்றவர், அவளிடம் திரும்பினார். "பாவு வியாழக்கிழமை வந்து எடுத்துக்கோ. இனிமே தறியாண்ட பருக்கையும் ஸ்கெட்சும் வரக்கூடாது."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். அங்கே வந்ததும், "நீங்க பேசுவீங்கன்னு நெனைக்கலக்கா" என்றாள். நானும் நினைக்கவில்லை.

பெண் அந்த வாரம் மாடிக்கு வரவே இல்லை. வெள்ளிக்கிழமை நானே போனேன். புதுப் பாவு வந்திருந்தது. பழைய இழையின் நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தாள் அம்மா. பெண் என்னைப் பார்க்காமல் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டுக்குள் ஒரு சீட்டு எட்டிப் பார்த்தது. அம்மாவின் தறி. எழுதி வைத்திருந்தாள், ஒட்டவில்லை.

"கேட்டுகினே இருக்குதுக்கா. தறி எங்களுதுதான். எங்க ஒட்டலாம், சொல்லுங்க" என்றாள் அம்மா, இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாவு படாத பக்கமாக, தறியின் சுவரோரத் தூணைக் காட்டினேன். பெண் கடைப் பசை தடவி ஒட்டினாள். நான் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காய்ந்ததா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கையை எடுத்தேன். கொக்கி சரியான இடத்தில் இருந்தது. இந்த முறை பென்சிலால் போட்டிருந்தாள்.