வெளிச்சம் இல்லாத விளக்கும் பாதி வெளுத்த முருகனும்

கண்ணுக்குத் தெரியாத கிருமியை, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தால் அடித்து, கண்ணுக்குத் தெரியாத காற்றோடு வெளியே அனுப்புவது எங்கள் தொழில். பில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். கரையான் மருந்து அடிப்பவர்கள், எர்த் குழி தோண்டுபவர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள் எல்லோருக்கும் என் வலி புரியும். நாம் வேலையை ஒழுங்காகச் செய்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காததற்கு யார் வந்து நன்றி சொல்லப் போகிறார்கள்?

விருதுநகரில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், அச்சகம் என்று நாலு பேர் கூடி மூச்சு விடுகிற இடங்களில் காற்றோட்டத்தைச் சரிசெய்து, தேவைப்பட்டால் யுவி விளக்கும் மாட்டிக் கொடுப்பேன். சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். உயரட்டும். அதற்கு எனக்கு உரிமை உண்டு.

அண்ணாச்சியின் போன்

அந்த அச்சகத்தின் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வைகாசி வெயிலில் அவரிடமிருந்து போன் வந்தது. காலண்டருக்கு மேலே தகரப்பட்டை அடிக்கிற ஹாலில் முத்துலட்சுமி என்று ஒருவர் இருந்தார். மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து மற்ற பெண்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவருக்குக் காசநோய் வந்து, மருந்து சாப்பிட்டு, இனி இவரால் யாருக்கும் பரவாது என்று டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். ஆனால் ஹாலில் இருந்த பெண்கள், அந்த அக்கா வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இந்த சீசனுக்குள் அவர் திரும்பாவிட்டால் தலைமாட்டு இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அண்ணாச்சி டாக்டரிடமே நேரில் போய்ப் பேசியிருக்கிறார். டாக்டர் ஹாலைப் பற்றி விசாரித்துவிட்டு, ஆபத்து அந்த அம்மாவிடம் இல்லை, உங்கள் ஹாலில்தான் இருக்கிறது, நாளைக்கு வேறு யாராவது இருமினால் அத்தனை பேரும் அதையே மூச்சில் இழுக்க வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அண்ணாச்சிக்கு அது தைத்துவிட்டது. போனை வைக்கும் முன் இதைச் சொன்னார்: "எங்க ஹாலப் பத்தி ஒருத்தர் குத்தம் சொல்லி நான் கேட்டதே இல்ல தம்பி. நீங்க வந்து பாருங்க, அவர் சொன்னது நெசமா இருந்தா எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லுங்க."

முருகனுக்குப் பின்னால்

டாக்டர் சொன்னது நிஜம்தான். ஹாலில் ஜன்னலே கண்ணில் படவில்லை. மத்தியானம், காற்று எவ்வளவு அடைந்திருக்கிறது என்று அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுத்துக்கொண்டிருந்தார் என்று காட்டியது. ஜன்னல் வைக்காமலா கட்டினீர்கள் என்று சூப்பர்வைசர் சண்முகவேலிடம் கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். முருகன், லட்சுமி, பிள்ளையார், இருக்கன்குடி மாரியம்மன் என்று ஆள் உயரப் படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. காற்று அடித்தால் தாள் பறக்கும் என்று ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். அடைத்த அட்டை பார்க்க நன்றாக இல்லை என்று அதன் மேல் சாமி படம் ஒட்டியிருக்கிறார்கள்.

சாமி படத்தைக் கிழிக்கச் சிவகாசியில் யாருக்கும் கை வராது. அச்சு கோணலாகப் போன படத்தைக்கூடக் காலில் படாமல் எடுத்து வைக்கிற ஊர் இது. எங்கள் ஆட்கள் ஈரத்துணியை வைத்து ஊறவைத்து, ஓரம் ஓரமாக நெம்பி, ஒரு கீறல் விழாமல் படங்களை உரித்து எடுத்தார்கள். அவற்றில் முருகன் படத்தைப் பலகையில் ஒட்டித் தரச் சொல்லி சண்முகவேல் வாங்கிக்கொண்டார். அட்டையையும் எடுத்ததும் ஹாலுக்குள் வெளிச்சம் விழுந்தது. பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். முத்துலட்சுமி வரக் கூடாது என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்ன செல்வியும் அதில் இருந்தார். அவர் சொன்னார்: "இத்தன வருசமா முருகனுக்குப் பின்னால ஒரு வேப்பமரம் நின்னுருக்கு. யாருக்காச்சும் தெரியுமா?"

பறந்த மாதங்கள்

ஆனி மாதத்து மேல்காற்று பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலைத் திறந்து, எதிர்ச்சுவரில் காற்றை வெளியே இழுக்கிற ஃபேனையும் போட்டேன். தினசரிக் காலண்டருக்கு அடித்து அடுக்கியிருந்த தேதித் தாள் அத்தனையும் எழுந்து கூரையைப் பார்க்கப் போனது. பெண்கள் தலையிலெல்லாம் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலை ஏன் அடைத்தார்கள் என்பது அப்போது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பிறகு ஜன்னலின் மேல்பாதியை மட்டும் திறந்து சாய்வாகத் தகடு வைத்தேன். காற்று தலைக்கு மேலே நுழைந்து, மெதுவாக இறங்கி, எதிர்ப்பக்கம் போகும்படி செய்தேன். மேஜை மேல் ஒரு தாள் அசையவில்லை, மீட்டரும் இறங்கியது. அந்த வேலையை நீங்கள் வந்து பார்த்தால் கைகொடுக்காமல் போகமாட்டீர்கள். ஆனால் சண்முகவேல் இன்றுவரை அந்த முதல் நாளைப் பற்றித்தான் பேசுகிறார்: "சித்திரைக்கும் மார்கழிக்கும் நடுவுல எம்புட்டு தூரம்னு நெனச்சேன். இவர் ஃபேன் ஒரு சுத்துல கொண்டுபோய்ச் சேத்துருச்சு."

சத்தம் வராத சரக்கு

அடுத்தது விளக்கு. இந்த யுவி விளக்கை ஆள் உயரத்துக்கு மேலே மாட்ட வேண்டும். அதன் ஒளி கூரைக்குக் கீழே ஒரு அடுக்காகப் பரவும். மேலே போகிற காற்றில் கிருமி இருந்தால் அங்கேயே தீர்ந்தது. கீழே இருக்கிற ஆள் மேல் ஒளி படக் கூடாது, பட்டால் கண்ணும் தோலும் எரியும். அதனால் தகடு வைத்து மறைத்திருப்பார்கள். உற்றுப் பார்த்தால் தகட்டுக்குள் லேசாக நீலம் தெரியும், அவ்வளவுதான். இதைச் சொல்லி முடித்த பிறகும் ஒருவர், அம்புட்டு உயரத்தில் இருந்தால் எங்களுக்கு எப்படி எட்டும், மேஜைக்கு நேராகத் தொங்கவிடுங்கள் என்றார். நான் கோபப்படுகிற ஆள். அன்று கோபப்பட்டேன். வேலை செய்கிற இடத்தில் ஒருவர் கண்ணுக்குக் கேடு வந்தால் நான் இந்தத் தொழிலில் இருந்து என்ன பிரயோஜனம் என்று ஏணியை விட்டு இறங்கியே சத்தம் போட்டேன்.

மாட்டி முடித்ததும் அண்ணாச்சி பட்டாசுத் தொழிலில் இருக்கும் தன் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மற்ற விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னார். இருட்டில் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள். சுவிட்சைப் போட்டாகிவிட்டதா என்று மாப்பிள்ளை கேட்டார். போட்டாகிவிட்டது என்றேன். அவர் பாவம், என்னைப் புண்படுத்தக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார்: "வெளிச்சமும் இல்ல, சத்தமும் இல்ல. இத வச்சுக்கிட்டுச் சிவகாசியில எப்படிண்ணே பொழைக்கீக?"

தாயில்பட்டி கேட்

அந்த மாப்பிள்ளையின் பட்டாசு ஆலை தாயில்பட்டிப் பக்கம் இருக்கிறது. அங்கேயும் வந்து பார்க்கச் சொன்னார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க நான் எப்போதும் ஊதுபத்தியைக் கொளுத்தி, புகை சாய்கிற பக்கத்தைக் கவனிப்பேன். பையில் பத்தியும் லைட்டரும் இருந்தது என் நினைவிலேயே இல்லை. கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். செல்போனையும் வாங்கிக்கொண்டார். பத்தி எதற்கு என்று கேட்டார், நான் விளக்கினேன்.

உள்ளே போனால் எனக்கு வேலையே இல்லை. வெடிமருந்து வேலை நடக்கிற ஒவ்வொரு அறைக்கும் ஆபத்தென்றால் ஓட எல்லாப் பக்கமும் கதவு உண்டு, மின்சாரமும் கிடையாது. அதை விடக் காற்றோட்டமான இடத்தை நான் பார்த்ததில்லை. காற்று அடைந்து கிடந்தது ஆட்கள் வந்து இறங்குகிற வேனில்தான். தூசிக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் மூடி, நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பக்கமும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கூரையில் திறக்கிற மாதிரி ஒரு மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு சாமானும் விற்காமல் திரும்பினேன். கேட்டில் வாட்ச்மேன் என் சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார். பத்திக் கட்டை மட்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்: "இத உள்ள கொண்டுபோய்ப் பொருத்திருந்தீகன்னா, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு சாத்தூர்லருந்தே பாத்திருக்கலாம்."

முத்துலட்சுமியின் கேள்வி

அதே ஊரில்தான் முத்துலட்சுமி வீடு. ஹால் தயாராகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரும்படி அண்ணாச்சி சொல்லியிருந்தார். நல்ல செய்தி கொண்டுபோகிற மிதப்பில்தான் போனேன். அவர் நல்ல தெளிவாக இருந்தார். ஜன்னல், தகடு, ஃபேன், விளக்கு என்று நான் அளந்ததை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, செல்வி என்ன சொல்கிறாள் என்று கேட்டார். செல்விக்குத் தகரப்பட்டை அடிக்கப் பழக்கிவிட்டதே அவர்தானாம். பெண்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. எரிகிறதா இல்லையா என்றே தெரியாத விளக்கை எப்படி நம்புவது என்று செல்வி கேட்டதும் எனக்குத் தெரியும். நான் பேச்சை மாற்றி, அவர் கொடுத்த காப்பி நன்றாக இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. வாசல் வரை வந்து வழியனுப்பியபோது சொன்னார்: "ஹாலுக்குக் காத்து வர வழி பண்ணிட்டீக, ரொம்ப நல்லது. என்னக் கண்டா மூஞ்சியத் திருப்பாம இருக்க வழி ஏதும் இருக்கா?"



பாதி வெளுத்த முருகன்

ஆவணியில் சண்முகவேல் பதறிக்கொண்டு போன் செய்தார். சாமி குத்தம் ஆகிவிட்டது, உடனே வாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். சாமி படம் தலைக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்று பலகையில் ஒட்டிய முருகனை விளக்குக்கு நேர் எதிர்ச்சுவரில் உயரத்தில் மாட்டியிருக்கிறார் மனிதர். மேல்சுவரில் எதையும் மாட்டாதீர்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னது, மின்விசிறிக்கும் கடிகாரத்துக்கும்தான் என்று நினைத்துவிட்டாராம். முருகனுக்கு இடுப்புக்கு மேலே முகமும் மாலையும் வெளுத்துப் போயிருந்தன. இடுப்புக்குக் கீழே சிவப்புப் பட்டு அச்சடித்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரு எல்லை. அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் தொழில் இந்த ஊரில் இன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

செல்விதான் முதலில் கிட்டே போனார். நான் விளக்கை அணைத்ததும் ஒரு ஸ்டூலில் ஏறி, படத்தைத் தொடாமல் அந்தக் கோட்டையே பார்த்தார். இறங்கி அதன் அடியில் நின்று, தன் தலைக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கையைத் தூக்கிப் பார்த்தார். விளக்கு எரிகிறது, கோட்டுக்கு மேலேதான் எரிகிறது, கீழே இருப்பவர்களைத் தொடுவதில்லை. நான் மாதக்கணக்கில் தொண்டை வறளச் சொன்ன மூன்றையும் முருகன் ஒரே படத்தில் சொல்லிவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்ததற்குப் பிறகு முத்துலட்சுமி வர இந்த விளக்கே தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அதை எடுத்துச் சொல்ல அது நேரமில்லை என்பதும் தெரியும். செல்வி அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்: "வருசம் பூரா வெயில்ல தொங்கினாலும் நிக்கிற மை அண்ணாச்சி இது. இதையே வெளுத்துருச்சுன்னா கிருமி எந்த மூலைக்கு? அக்காவ வரச் சொல்லுங்க."

இருமல்

புரட்டாசியில் முத்துலட்சுமி வந்தார். அன்று நான் ஃபேனைத் துடைக்கிற சாக்கில், தலை கோட்டைத் தாண்டாமல் ஏணியில் நின்றிருந்தேன். உண்மையில் பார்க்கத்தான் போயிருந்தேன். முருகன் புதுப் படமாகக் கோட்டுக்குக் கீழே இறங்கி, பூவோடு இருந்தார். பழைய படத்தை அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி என் கடையில் மாட்டிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு விளக்கு வேண்டாம் என்று போன வாடிக்கையாளர் இதுவரை இல்லை.

முத்துலட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்து தகரப்பட்டையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் தாள் தூசிக்கு அவருக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஹாலில் தகரம் அடிக்கிற சத்தம் நின்றது. நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த செல்வி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, கூரையை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல எரியுதுக்கா. அடக்காம இருமுங்க."

அதிர்வேட்டுக்குத் திரும்பிப் பார்க்காத இந்த ஊரில் எங்கள் தொழிலுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய கைதட்டல், ஒரு இருமலுக்கு யாரும் எழுந்து போகாமல் இருப்பதுதான்.