மாமா திருப்பி எறிந்த பந்து

எங்கள் குடும்பத்தில் பேஸ்போல் தெரிந்தவர் ஒருவரும் இருக்கவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டவரும் இருக்கவில்லை. அப்பா டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்தார். அங்கே அவருடைய மேலாளருக்கு மெல்போர்ன் பேஸ்போல் அணியோடு ஏதோ தொடர்பு. அந்தக் கோடையில் அணி சொந்த மைதானத்தில் ஆடும் எல்லா ஆட்டங்களுக்கும் குடும்பத்தோடு போய்வர ஓர் அனுமதி அட்டையை அவர் அப்பாவிடம் கொடுத்துவிட்டார். சும்மா கிடைத்த ஒன்றை வீணாக்குவது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. அதனால் எனக்கு எட்டு வயதாயிருந்த அந்தக் கோடை முழுவதும், ஞாயிற்றுக்கிழமைகளில் த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டிய எங்கள் கார் எதிர்த்திசையில் நகரத்தைத் தாண்டி, பெரிய பாலத்தைக் கடந்து, மேற்குப் பக்கத்தில் வெயில் கொளுத்தும் ஒரு மைதானத்துக்குப் போனது. அம்மா ஒவ்வொரு முறையும் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

காரில் நாங்கள் நாலு பேர். அப்பா, அம்மா, நான், மாமா. மாமா அம்மாவின் தம்பி. ஊரில் போருக்குத் தப்பிப் படகில் வந்து, இங்கே அகதி முகாமில் நெடுங்காலம் அடைபட்டிருந்து, அந்த வருடம்தான் தற்காலிக விசாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெளியே விடும்போது சொல்லித்தான் விட்டிருந்தார்கள். சண்டை, சச்சரவு, பொலிஸ் என்று எதிலாவது அகப்பட்டால் விசா போய்விடும். திரும்ப முகாம்தான். அங்கேயிருந்து எங்கே அனுப்புவார்களோ, அது ஒருவருக்கும் தெரியாது. அம்மா இதை எனக்கும் ஓதி வைத்திருந்தார்.

"மாமாவுக்கு ஒரு பிரச்சினையும் வரக்கூடாது. விளங்கிச்சோ?"

பிரச்சினை என்றால் எது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஓம் என்று தலையாட்டினேன்.

மாமா பிரச்சினையைத் தவிர்ப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தார். தெருவில் ஒரு வாகனம்கூட இல்லாத நேரத்திலும் பச்சை விளக்கு எரியும்வரை கடவையில் நிற்பார். நூலகத்தில் இருமல் வந்தால் வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வருவார். பக்கத்து வீட்டு நாய் எங்கள் வேலிக்குள் நுழைந்து என் செருப்பைக் கடித்துக் குதறியபோது, நாயின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்டவர் மாமா. எனக்குச் சிரிப்பு வரும். பள்ளிக்கூடச் சிநேகிதிகள் யாராவது பார்த்துவிட்டால் வெட்கமாகவும் இருக்கும்.

முதல் ஆட்டத்திலேயே அப்பா பேஸ்போலைக் கிரிக்கெட்டின் கெட்டுப்போன பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார். பந்தை அடித்தவுடன் மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பந்து பிடிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் கையுறை போட்டிருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. "இவ்வளவு பெரிய கையுறை எண்டால் கொம்மாவும் பிடிப்பா" என்று என்னிடம் சொன்னார். அம்மா கேட்டும் கேளாதமாதிரி, பொரித்த ரோல்ஸ் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தார்.

ஆனால் எனக்குத் தலை சுற்றியது. ஒருவன் பந்தை அடிக்காமலே, சுற்றி ஓடவேண்டிய நாலு மூலைகளில் முதலாம் மூலைக்கு ஆறுதலாக நடந்து போனான். இன்னொருவன் நல்ல அடி அடித்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டபடி திரும்பி வந்தான். ஒருமுறை, உயரப் போன பந்தை எதிரணியான் பிடித்த பிறகும் மூன்றாம் மூலையில் நின்றவன், 'வீடு' என்று அவர்கள் சொல்லும் கடைசி மூலையைப் பார்த்து ஓடினான். அப்பா "அவுட், அவுட்" என்று கத்த, சுற்றியிருந்த சனமெல்லாம் எழும்பி நின்று அவனுக்குக் கைதட்டியது. அப்பாவும் கைதட்டினார். தட்டி முடித்துவிட்டு, "நான் சொன்னனான்தானே" என்றார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆட்டம் முக்கால்வாசி முடிந்ததும் எல்லோரும் திடீரென்று எழும்பி ஒரு பாட்டுப் பாடினார்கள். மாமா அதைத் தேசிய கீதம் என்று நினைத்துவிட்டார். தொப்பியைக் கழற்றி, கைகளை உடம்போடு ஒட்டி, ஆடாமல் அசையாமல் நின்றார். பக்கத்தில் ஒரு மனிதர் கடலை கொறித்தபடி இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று மாமா அவருக்காகப் பயந்தார்.

எங்கள் வழக்கமான இடம் மைதானத்தின் வேலிக்கு வெளியே இருந்த புல்மேடு. பாய் விரிக்கலாம் என்பதால் அம்மா தெரிவு செய்தது. அங்கேதான் அந்த வருடத்தின் முதல் அதிசயம் நடந்தது. வெளியூர் அணிக்காரன் ஒருவன் வேலிக்கு மேலால் ஒரு அடி அடித்தான். அது ஹோம் ரன், கிரிக்கெட்டில் ஆறு அடிப்பதுபோல. பந்து எங்கள் பாயை நோக்கி வந்தது. அம்மா என்னை இழுத்து மடியில் அமுக்கினார். மாமா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் காப்பாளராக இருந்தவர். தின்றுகொண்டிருந்த ரோலைப் பல்லில் கவ்விக்கொண்டு எழும்பி, வெறுங்கையால் பந்தைப் பிடித்தார். பிடித்த கையோடு ஓங்கி மைதானத்துக்குள்ளே திருப்பி எறிந்தார். கூட்டத்துக்குள் வந்த பந்தைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை? பந்து விளையாடுகிறவர்களுடையது. வைத்துக்கொண்டால் களவு.

புல்மேடு முழுவதும் எழும்பி ஆர்ப்பரித்தது. சிவந்த முகமுடைய ஒரு பெரிய மனிதர் ஓடிவந்து மாமாவின் முதுகில் அறைந்தார். யாரோ ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியல் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா பொரியலைத் தொடாமல் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அத்தான், நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?"

"பிழையோ? நீ பந்தைத் திருப்பிக் குடுத்ததுக்குத்தான் சனம் கைதட்டுது. இந்த நாட்டில நேர்மைக்கு ஒரு மதிப்பு இருக்கடா" என்றார் அப்பா.

வளர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. பேஸ்போலில் கூட்டத்துக்குள் வந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய் கண்ணாடி அலுமாரியில் வைப்பார்கள். எதிரணி அடித்த ஹோம் ரன் பந்தை மட்டும் சில ரசிகர்கள் திருப்பி எறிவார்கள். உன் பந்து எங்களுக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று அவமதிப்பதற்கு. மாமா செய்தது மரியாதை, கூட்டம் கண்டது அவமதிப்பு. இரண்டு தரப்புக்கும் பரம திருப்தி.

அதற்குப் பிறகு புல்மேட்டில் மாமாவைத் தெரியாதவர்கள் இல்லை. நாங்கள் பாய் விரிக்கும்போதே சிவந்த முகத்தார் கையசைப்பார். மாமாவும் அசைப்பார். ஒரு ஆட்டத்தில் மழை பெய்து எல்லோரும் கூரைக்கு ஓட, இந்த இரண்டு பேரும் மேட்டில் நனைந்தபடி ஒருவருடைய பாஷை ஒருவருக்கு விளங்காமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு நாள் பாட்டு நேரத்தில் மாமாவின் இடுப்பு கொஞ்சம் ஆடியது. கொஞ்சம்தான். அம்மா அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். சந்தோஷமான நேரத்தில் எதற்கு அழுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. பெரியவர்களின் விதிகள் பேஸ்போலைவிடக் குழப்பமாக இருந்தன.

கடைசி ஆட்டம் வந்தது. எங்கள் அணியில் ஓர் இளம் பையன் இருந்தான். அந்த வருடம்தான் சேர்ந்தவன். பாவம், கோடை முழுவதும் காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தான். அவன் மட்டையோடு வரும்போதெல்லாம் புல்மேடு மூச்சைப் பிடிக்கும், பிறகு பெருமூச்சு விடும். ஒருநாள் வேலியோரம் வந்து எனக்குக் கைகாட்டியதால் அவன் என்னுடைய ஆள். அன்றைக்கு அவன் அடித்தான். சத்தமே வேறுமாதிரிக் கேட்டது. பந்து ஏறி, வேலிக்கு மேலால் வந்து, வேறு யாரைத்தான் தேடும், மாமாவின் கைக்குள் விழுந்தது. அதுதான் அவனுடைய முதல் ஹோம் ரன். புல்மேடு துள்ளிக் குதித்தது. மாமா முகமெல்லாம் சிரிப்பாக, பழகிய கையால், பந்தை ஓங்கி உள்ளே எறிந்தார்.

சத்தம் நின்றது. பிறகு வேறொரு சத்தம் எழும்பியது. ஊ என்று கீழிருந்து தொடங்கி மேடு முழுவதும் பரவியது. என்ன செய்கிறாய் நீ, எங்கள் பையனுடைய பந்தல்லவா என்று சிவந்த முகத்தார் ஆங்கிலத்தில் கத்தினார். நான் மாமாவைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அதே கை, அதே எறி. அன்றைக்குப் பொரியல் கொடுத்தவர்கள் இன்றைக்கு ஏன் ஊளையிடுகிறார்கள்?

"நான் ஒண்டும் செய்யேல்லை" என்று மாமா அவரிடம் தமிழில் சொன்னார். பிறகு எல்லாப் பக்கமும் திரும்பித் திரும்பி "சொறி, சொறி" என்றார்.

அந்த நேரம் பார்த்து, வேலியோரமாக ஒரு காவலாளி மேட்டை நோக்கி நடந்து வந்தார். கறுப்புச் சீருடை, தோளில் வோக்கி டோக்கி, ஆள் நல்ல உயரம். கீழே ஒருவர் எங்கள் பாயைச் சுட்டிக்காட்டினார். மாமா கண்டுவிட்டார்.

"அக்கா, நான் காரடிக்குப் போறன்."

அம்மா பதில் சொல்லுமுன் மாமா போய்விட்டார்.

காவலாளி வந்து சேர்ந்தபோது அப்பா எழும்பி நின்று, தன்னிடமிருந்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டினார். "ஹி குட் மேன். நோ பொலிஸ். ப்ளீஸ்." அம்மா இரண்டு கைகளையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பிள்ளையாரை முணுமுணுத்தார். காவலாளி ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குனிந்து என்னிடம் பேசினார். அப்போதுதான் அவர் கையில் ஒரு மட்டை இருப்பதைக் கண்டேன். நான் மொழிபெயர்த்தேன். முதல் ஹோம் ரன் பந்து ஒரு ஆட்டக்காரனுக்கு உயிர்மாதிரியாம். பிடித்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப வாங்க வேண்டுமாம். மாமா கேட்காமலே கொடுத்துவிட்டாராம். பையன் சந்தோஷத்தில் துள்ளுகிறானாம். தான் அடித்த மட்டையையே மாமாவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறானாம். மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வரட்டாம்.

அப்பா தொப்பென்று பாயில் குந்திச் சிரித்தார். "நான் சொன்னனான்தானே, நேர்மை எண்டு." அம்மா காவலாளியைக் கும்பிட்டார். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் கும்பிட்டார்.

எல்லோருமாகக் கார் தரிப்பிடத்துக்குப் போனோம். நல்ல செய்தியை முதலில் சொல்லுகிற ஆள் நானாக இருக்கவேண்டும் என்று நான் முன்னால் ஓடினேன். மாமா எங்கள் காரின் கூரையில் நெற்றியை வைத்தபடி நின்றார்.

"மாமா! அவர் மட்டையோட வாறார்! உங்களைக் கூட்டிக்கொண்டு போகவாம்!"

மாமா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். சீருடையும் சிரிப்புமாகக் காவலாளி மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மாமா மெதுவாகச் சரளைக் கல்லில் முழந்தாளிட்டார். இரண்டு கைகளையும் தூக்கி, பிடரியில் விரல்களைக் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

"டேய், எழும்படா. பரிசு குடுக்க வந்திருக்கிறார்" என்றார் அப்பா. மாமாவுக்குக் கேட்டமாதிரித் தெரியவில்லை. காவலாளி அப்படியே நின்றுவிட்டார். பிறகு மட்டையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய், தன்னுடைய வெறுங்கைகள் இரண்டையும் மேலே உயர்த்திக் காட்டினார். அவரும் கையைத் தூக்கியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இது பேஸ்போலில் நான் இன்னும் காணாத ஒரு கட்டம். யார் கடைசிவரை அசையாமல் இருக்கிறாரோ அவருக்குத்தான் மட்டை.

நான் ஓடிப்போய் மாமாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டேன். கல் குத்தியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அதற்கும் ஏதாவது ஒரு விதி இருக்கும் என்று நினைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். என்னால் அதிக நேரம் முடியவில்லை. முழங்கால் எரிந்தது, முதலில் எழும்பியது நான்தான். அப்பா போய்த் தோளைத் தொட்ட பிறகும் மாமா எழும்பவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. இந்த விளையாட்டில் மாமாவுக்கு நல்ல பழக்கம் என்று நினைத்தேன்.