அண்ணாச்சி அழிக்காத சாரல்

எல்லாரும் வலைப்பூ எழுதிய காலம் அது. சீசன் வந்தால் குற்றாலத்தில் இன்று சாரல் எப்படி என்று தென்காசியிலிருந்து தினமும் எழுதுவேன். விளம்பரத்தில் கொஞ்சம் காசு வந்ததும் ஆசை விடவில்லை. சமையல், கோயில், வேலைவாய்ப்பு என்று மேலும் மூன்று வலைப்பூக்கள் தொடங்கினேன். எழுத நேரமில்லாமல் ஒரே பதிவை நான்கிலும் போட்டேன். அதையே குற்றமாகச் சொல்லி ஒருநாள் வலைப்பூ நிறுவனத்தார் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். நான்கும் போயின. மற்றவை போகட்டும், பல வருஷச் சாரலும் போனதே என்று முகநூலில் புலம்பினேன்.

சவூதியில் வேலை பார்த்த வாசகர், எங்கள் பக்கத்து ஊர் அச்சன்புதூர் பீர் அண்ணாச்சி, உடனே போன் செய்தார்.

“ஏன் தங்கச்சி பொலம்புத? நீ எழுதுனதெல்லாம் எனக்குத் தானா மெயில்ல வந்துச்சுல்லா? ஒண்ணைக்கூட அழிக்கல. இங்கன வெயில்ல கெடந்து வேற எதைப் படிக்க?”

அத்தனையையும் திருப்பி அனுப்பினார்.

இப்போது எனக்கு ஒரே வலைப்பூதான். ஒவ்வொரு பதிவுக்கும் தனியாக ஒரு நகலும் வைத்துக்கொள்கிறேன். அண்ணாச்சி ஊரோடு வந்துவிட்டார். ஆனாலும் நான் எழுதப் பிந்தினால் போன் வரும்.

“என்ன தங்கச்சி, இன்னைக்குச் சாரல் இல்லையா?”

அவர் வீட்டுத் தகரத்தில் சாரல் விழும் சத்தம் போனிலேயே கேட்கும்.