உட்கார அனுமதி கேட்ட மகள்

நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். பள்ளிக்கூடம் போக மறுத்த என் பதினாறு வயது மகள், கையைக் கீறிக்கொள்ளவும் தொடங்கினாள். பயந்துபோன நான், "அத்தை ஊட்டுக்குப் போலாம் கண்ணு" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போய், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மறுவாழ்வு விடுதியில் சேர்த்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க விட்டார்கள். கைகட்டி நின்றாள்.

"உக்காரு கண்ணு" என்றேன்.

அவள் பக்கத்தில் நின்ற விடுதி வார்டனைத் திரும்பிப் பார்த்து, "உக்காரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"எப்படி மாறீட்டா, பாத்தீங்களா?" என்று வார்டன் பெருமையாகச் சிரித்தார்.

கையில் புதுக் கீறல் எதுவும் இல்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மகிழ்வதா, அழுவதா என்று புரியாமல், அன்றே கூட்டிவந்துவிட்டேன்.

இப்போது வாரம் ஒருமுறை பாலக்காட்டில் மனநல மருத்துவரிடம் போகிறோம். வெளியே காத்திருக்கும்போது, நான் அவளைக் காப்பாற்றினேனா, கைவிட்டேனா என்று யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.