கிரீஸ் போக ஒரு காரணம் வேண்டும்

டிராவல்ஸ் தொழிலில் டிக்கெட் போடுவது பத்து நிமிஷ வேலைதான், ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வருவதற்குள் நமக்குத் தலைமுடி கொட்டிவிடும். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பல்லைக் காட்டியே பிழைக்கும் சக பாவிகளே, நீங்கள் எந்தக் கடையில், எந்த ஆபீசில் இருந்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். அம்பத்தூரில் பல் டாக்டருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ். பதினாலு வருஷமாக ஊரையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நான் போனது? ஒரு தடவை ஏற்காடு. அதுவும் மழையில்.

எல்லாக் கதையையும் சொன்னால் எனக்கு பிபி ஏறும். மரியதாஸ் சார் கிரீஸ் போன கதையை மட்டும் சொல்கிறேன்.

வெயிலுக்கு விமானம்

மரியதாஸ் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். கோவில்பதாகையில் சொந்த வீடு. மனைவி ஜெசிந்தாவையும், பாரிவாக்கத்திலிருக்கும் மச்சான் ஜெரோமையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெசிந்தா அம்மா போனில் ஒரு கிரீஸ் தீவின் படத்தைக் காட்டினார். வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கீழே கடல். "இங்க பத்து நாள் சும்மா உட்காரணும் சார், அவ்ளோதான்" என்றார். என் சர்வீசில் இவ்வளவு தெளிவாகப் பேசிய கஸ்டமர் கிடையாது. எழுந்து ஒரு கும்பிடு போடலாமா என்றுகூடத் தோன்றியது.

நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அந்தத் தீவில் கோடை முழுக்க மழையே கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை பளிச்சென்று வெயில், வெள்ளைக்காரர்கள் அதற்காகவே வந்து மணலில் படுத்துக் கிடப்பார்கள் என்றேன். அது மே மாதம். எங்கள் ஏசி வேறு மக்கர். ஜெரோம் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், ஆவடில கீற வெயில வுட்டுட்டு, ஏரோப்ளேன் ஏறிப் போய் வெயில்ல படுக்கணுமா? டாக்டரு எதுனா எழுதிக் குட்த்தாரா?"

ஒன்பது பாய்

அடுத்த வாரம் வந்தபோது ரெண்டு பேர் ஒன்பது பேராகியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த மரியதாஸுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அண்ணன் குடும்பத்தில் மூன்று பேர், ஜெரோம் குடும்பத்தில் நாலு பேர். வெயிலைப் பற்றி எனக்கு வகுப்பெடுத்த அதே ஜெரோம்தான்! வெட்கம் என்பது கொஞ்சமாவது இருக்க வேண்டாமா?

ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்தான் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் கை ஜாடையிலும் சொல்லிப் பார்த்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போய் ஒரே ரூமில் பதினொரு பேராகப் படுத்து எழுந்த மனுஷனிடம் எடுபடுமா? மரியதாஸ் எனக்கு ஆறுதல் சொன்னார். "பாய், தலகாணி எல்லாம் நாங்களே கொண்டாந்துடுறோம் சார், லாட்ஜ்காரங்களுக்கு ஒரு சிரமமும் வேணாம்."

டீ குடிக்கப் போன நேரம்

மரியதாஸும் ஜெரோமும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். ஜெசிந்தா அம்மா நாற்காலியை ஷீலாவின் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டார். ஷீலா எங்கள் ஆபீசில் டிக்கெட் போடுகிறவள், பெற்ற தாயிடமே ஐடி புரூஃப் கேட்கும் ரகம். அவளிடம் அந்த அம்மா இதுவரை தான் போன வெளியூரையெல்லாம் சொன்னார். நாத்தனார் பிரசவத்துக்குத் திருச்சி, கொழுந்தன் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி, மாமியார் சாவுக்கு மறுபடியும் தூத்துக்குடி. போன இடமெல்லாம் நேராக அடுப்படிதான். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார். "ஒம்போது பேரு வந்தா அங்கயும் நான்தாம்மா சோறாக்கணும். குக்கரை வேற எடுத்து வைக்கச் சொல்லிட்டாரு."

பாஸ்புக் வைத்தியம்

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஏழு பேரையும் வராதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் பேப்பர் கேட்க உரிமை உண்டே! ஒன்பது பேருக்கும் ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றேன். அது உண்மை. எல்லாவற்றையும் மரியதாஸ் சாரே வாங்கி, படித்து, சரிபார்த்து, ஒரே ஃபைலில் கொண்டுவர வேண்டும் என்றேன். அது என் சொந்தச் சரக்கு. சொந்தக்காரனிடம் பாஸ்புக்கைக் காட்டச் சொன்னால் நம்ம ஆள் கிட்னியைக்கூடக் கொடுத்துவிடுவான், அதை மட்டும் காட்டமாட்டான்.

ஒரே வாரத்தில் ஏழு பேரும் காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜன்னல் திறக்க முடியாத பாரிவாக்கத்திலிருந்து ஜெரோம் போன் போட்டார். "அந்தத் தீவுல கொசு ஜாஸ்தியாமே சார், நம்ம பசங்களுக்கு ஒத்துக்காது."

டைம்டேபிள்

விசாவுக்கு நாள்வாரியாகப் பயணத் திட்டம் வேண்டும் என்று கேட்டது என் தப்பு. மரியதாஸ் ஷிப்டு போட்டுக் கொண்டுவந்தார். காலை ஐந்தரைக்கு எழுவது, ஆறுக்குக் கடல், ஆறரைக்கு டிபன், ஏழிலிருந்து இரவு வரை ஏழு இடம். சும்மா உட்கார எங்கே சார் நேரம் என்று கேட்டேன். என்னை ஒரு விவரமில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அரை மணி நேரம் பார்த்துட்டா கடல் முடிஞ்சிடுது சார், அப்புறம் அங்க என்ன வேலை?"

பணிந்து எழுதுவது

எதற்காகப் போகிறோம் என்று விசாவுக்கு ஒரு கடிதமும் எழுதித் தர வேண்டும். "லெட்டரா? என்கிட்ட விடுங்க, சர்வீஸ் பூரா எழுதியிருக்கேன்" என்று மரியதாஸ் நெஞ்சை நிமிர்த்தினார். விசா சென்டருக்குப் போகவேண்டியதற்கு முதல் நாள் கொண்டுவந்தார். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்ட இங்கிலீஷ் கடிதம். விஷயம் இதுதான்: என் மனைவிக்கு உடல்நிலை மிகவும் மோசமாக இருப்பதால், தவிர்க்க முடியாத காரணத்தால், பத்து நாள் கிரீஸ் செல்ல அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தை ஷீலாவிடம் நீட்டினேன். "இதைக் கொடுத்தா விசா வராது, ஆம்புலன்ஸ்தான் வரும்" என்றாள் ஷீலா. அடப்பாவி மனுஷா, ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் நிஜமான பயம். சும்மா ஊர் சுற்றப் போகிறேன் என்று எழுதி அவர் செக்ஷனில் ஒருத்தருக்கும் லீவு கிடைத்ததில்லையாம். வீட்டுக்காரிக்கு முடியவில்லை என்றால்தான் ஆபீசர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவாராம்.

கூட வந்திருந்த ஜெசிந்தா அம்மா கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. கடிதத்தை ரெண்டாகக் கிழித்து என் மேஜைமேல் வைத்தார். "முப்பத்தோரு வருஷமா இவரு லீவு லெட்டர்ல நான் சீக்காளியாவே படுத்துக் கெடக்கறேன் சார். இந்த ஒரு தடவை, நான் நல்லா கீறேன், சும்மா போறேன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன், விசா வந்தது, ரெண்டே பேர் போனார்கள், நான் மட்டும் போன வாரம் முதலாளியிடம் ரெண்டு நாள் லீவு கேட்டபோது, டிவி முன்னால் ஜம்மென்று உட்கார்ந்திருந்த என் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல் என்றுதான் எழுதினேன்.